பேசும் படம் பார்க்காத பாட்டு வாத்தியார்

இரவு பத்து மணி. கோயில் திடலில் பந்தல் போட்டிருக்கிறது. மேடையின் ஒரு பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டி. அதற்கு அருகே மிருதங்கமும் டோலக்கும். திடல் முழுவதும் பாயும் தலையணையுமாகக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். குழந்தைகளை மடியில் தூங்க வைத்துவிட்டுப் பெண்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினைப்புனத்துப் பரண்மீது நின்று வள்ளி ஆலோலம் பாடுகிறாள். பொழுது விடிவதற்குள் அவளுக்குக் கலியாணம் ஆக வேண்டும். ஆகிவிடும், சந்தேகமே இல்லை. ஆனாலும் எப்படி ஆகிறது என்று பார்க்க வருஷா வருஷம் அதே கூட்டம் வருகிறது.

மதுரைப் பக்கத்திலும், ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலும் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் காணக்கூடிய காட்சி இது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதில் ஓர் அதிசயம் உண்டு. வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர்க்காரர். முருகனாக வரும் ராஜபார்ட் வேறோர் ஊர். நாரதர் மூன்றாவது ஊர். சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கமே இதில் கிடையாது. அன்று மாலைதான் ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள். ஆனால் மேடை ஏறிவிட்டால் கேள்விக்குப் பதில், பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்று தடங்கலில்லாமல் விடியும்வரை நடக்கிறது.

எப்படி? அவர்கள் எல்லாருக்கும் பாடம் ஒன்று, வாத்தியார் ஒருவர். அந்த வாத்தியார் காலமாகி நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிறது!

அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாடகம் எழுதினார், அதற்குப் பாட்டும் எழுதினார், நடிக்கவும் பாடவும் பிள்ளைகளைப் பழக்கினார். தமிழ் பேசும் படத்தை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் படங்களின் ஆரம்ப காலத்தை எண்ணிப் பார்த்தால் திரும்பின பக்கமெல்லாம் அவருடைய நாடகங்களும், அவர் வகுத்த வழியில் வந்த பாடகர்களுமே நிற்கிறார்கள்.

உப்புக் கணக்கு எழுதிய கை

தூத்துக்குடி என்றதும் நமக்கு முத்தும் துறைமுகமும் நினைவுக்கு வரும். அவற்றோடு கண்ணைக் கூசவைக்கும் இன்னொரு வெள்ளையும் அங்கே உண்டு. ஊரைத் தாண்டினால் பாத்தி பாத்தியாக உப்பளங்கள்; வெயிலில் மின்னும் உப்புக் குவியல்கள்.

அந்தச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டி என்ற கிராமத்தில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சங்கரன் பிறந்தார். தகப்பனார் தாமோதரத் தேவர் தமிழ் படித்தவர். ராமாயணத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர். பிள்ளைக்கு முதல் பாடம் அவரிடமே நடந்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் செய்யுளும் கற்றார். அங்கே உடன் படித்தவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். இந்தக் கவிராயரின் மாணவர்தான் பிற்காலத்தில் சினிமாவுக்கு எத்தனையோ பாட்டெழுதிய உடுமலை நாராயண கவி. ஒரே திண்ணையில் உட்கார்ந்து படித்த இரண்டு பேரில் ஒருவர் மேடைக்கே பாட்டானார்; மற்றவர் திரைக்குப் பாட்டெழுதும் சீடரைத் தந்தார்.

வெண்பாவும் விருத்தமும் தண்ணீர் பட்ட பாடாக இருந்தும் வயிற்றுக்கு ஒரு வழி வேண்டுமே! தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் சங்கரனுக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. மூட்டைகளை எண்ணிப் பேரேட்டில் பதிய வேண்டும். வேலை நிச்சயம், சம்பளமும் நிச்சயம். வீட்டார் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

ஆனால் இருபத்து நான்காவது வயதில், 1891-ல், அவர் கணக்குப் பேரேட்டை மூடிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இன்று இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று சட்டென்று புரியாது. அந்த நாளில் நாடகக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்; குடியிருக்க வீடு கொடுக்கவும் யோசிப்பார்கள். 'கூத்தாடி' என்ற சொல் வசவாகவே வழங்கி வந்தது. படித்த பிள்ளை, கணக்குப் பிள்ளை, கூத்தாடப் போனான் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும்!

வேடம் செய்த வினை

நாடகத்தில் அவருக்குக் கிடைத்தவை பயங்கரமான வேஷங்கள். இரணியன், ராவணன், எமதர்மன், சனீசுவரன். ஆஜானுபாகுவான உடம்பு, கணீரென்ற குரல். இரணியனாக வந்து தூணை உதைத்தால் முன் வரிசைக் குழந்தைகள் வீரிட்டு அழும். பெயர் பரவிற்று.

அந்தப் பெயரே அவருக்கு வினையாக முடிந்தது. நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் இரண்டு சம்பவங்கள் உண்டு.

ஒரு நாள் இரவு நளதமயந்தி நாடகம். சங்கரதாஸ் சனீசுவரன். நாடகம் முடியும்போது விடியும் நேரம். மேலெல்லாம் பூசிய கறுப்பைக் கழுவிக்கொள்ளக் குளத்தங்கரைக்குப் போனார். இருள் இன்னும் பிரியவில்லை. அதே நேரத்தில் தண்ணீருக்கு வந்த ஒரு பெண், எதிரே கன்னங்கரேலென்று நின்ற உருவத்தைக் கண்டு அலறி விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவேயில்லை.

இன்னொரு நாள் சத்தியவான் சாவித்திரி. அவர் எமன். பாசக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு முழக்கத்தோடு மேடையில் பாய்ந்தபோது, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்து மயங்கினாள். அவள் வயிற்றிலிருந்த சிசு கலைந்து போயிற்று.

'ஆகா, என்ன நடிப்பு!' என்று சொல்லியிருப்பார்கள் பலர். வேறொரு நடிகர் அதைத் தமக்குக் கிடைத்த பட்டமாகவே மார்தட்டிக் கொண்டிருக்கக் கூடும். சங்கரதாஸுக்கு அது தாங்கவில்லை. ஜனங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று போட்ட வேஷம் ஒரு தாயின் வயிற்றில் அடித்துவிட்டதே! இனிமேல் முகத்தில் அரிதாரம் பூசுவதில்லை என்று முடிவு செய்தார். செய்தபடியே நின்றார்.

நடிகராக அவர் எடுத்த பெயர் அத்துடன் முடிந்தது. அந்த முடிவு இல்லாவிட்டால் அவர் ஒரு நல்ல எமனாக இருந்து, தம் காலத்தோடு மறக்கப்பட்டிருப்பார். மேடையை விட்டு இறங்கியதனால்தான் மேடைக்கு வாத்தியார் ஆனார்.

கஞ்சிரா சொன்ன பாடம்

சில காலம் காவி உடுத்தி க்ஷேத்திர யாத்திரை போனார். 'சுவாமிகள்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. கலியாணம் செய்துகொள்ளவில்லை. யாத்திரை அவரைப் புதுக்கோட்டையில் கொண்டு சேர்த்தது.

புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளை என்ற லய மேதை இருந்தார். உடும்புத் தோல் போர்த்திய சிறு வாத்தியமான கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உரியது. அவர் சுவாமிகளைத் தம் பிள்ளை போலவே ஏற்றுக்கொண்டார். வீடு, சோறு, அன்பு எல்லாம் கிடைத்தன. அவற்றோடு தாளக் கணக்கும் கிடைத்தது.

தூத்துக்குடியில் உப்பு மூட்டைகளின் கணக்கைப் பார்த்தவர் இங்கே அட்சரங்களின் கணக்கைப் பார்த்தார். எந்தச் சொல்லை எங்கே நிறுத்தினால் தாளம் தட்டும் கை தானாக நிற்கும், எந்த எழுத்தை வல்லினமாகப் போட்டால் மிருதங்கம் பதில் சொல்லும் என்ற சூட்சுமமெல்லாம் பிடிபட்டது. தமிழ் தகப்பனாரிடமும் பழனி சுவாமிகளிடமும் வந்தது. லயம் புதுக்கோட்டையில் வந்தது. இரண்டும் சேர்ந்த பிறகு மீண்டும் நாடக உலகத்துக்குத் திரும்பினார், ஆசிரியராக.

வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் என்று அந்நாளில் பேர் பெற்றவர்களின் குழுக்களிலெல்லாம் அவர் ஆசிரியராக இருந்தார். 'வள்ளி', 'அல்லி' என்பவை அவர்கள் போட்ட வேஷங்களின் பெயர்கள். வேஷமே மனிதருக்கு அடைமொழியாகிவிட்ட காலம் அது!

அந்த நாளில் மேடைப் பாட்டு பல தண்ணீர் கலந்த ஆறு. கர்நாடக ராகங்கள் இருந்தன. வடக்கேயிருந்து வந்த பார்ஸி நாடகக் குழுக்கள் விட்டுப்போன ஹிந்துஸ்தானி மெட்டுகள் இருந்தன. காவடிச் சிந்தும் கும்மியும் தெம்மாங்கும் இருந்தன. சுவாமிகள் எதையும் தள்ளவில்லை. ராஜா கொலு வீற்றிருந்தால் ஒரு கம்பீரமான ராகம். காதலுக்கு ஹிந்துஸ்தானி மெட்டு. ஆலோலத்துக்கு நாட்டுச் சந்தம். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அவர்களுக்குத் தெரியாத நல்ல தமிழை ஏற்றி அனுப்பினார். மறு நாள் காலையில் குழாயடியிலும் கிணற்றடியிலும் அந்தத் தமிழ் ஒலித்தது.

மைக் இல்லாத காலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்ட வேண்டும். ஆகவே குரலை உச்சத்தில் எடுத்து நிறுத்த வசதியான நெடில்கள், தெளிவாகக் காதில் விழும் எதுகை மோனை என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. பல்லவியைத் தொடங்கும்போதே கூட்டம் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அன்றைய நாடகம் போயிற்று!

பெண்கள் ஜெயிக்கும் மேடை

சுவாமிகள் எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, சதி சுலோசனா, சதி அனுசூயா, லவகுசா, பிரகலாதன் என்று பட்டியல் நீளும். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டையும் 'சிம்பலை'னையும்கூடத் தமிழ் மேடைக்கு இழுத்து வந்தார்.

பெயர்களைக் கவனித்தீர்களா? பாதிக்கு மேல் பெண்களின் கதை. மேடையில் பெண்கள் அழுவார்கள், அழத்தான் செய்வார்கள். ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கும் நல்லதங்காளைக் கண்டு அழாத தாய் உண்டா? ஆனால் அழுகையோடு நிற்பதில்லை சுவாமிகளின் பெண்கள். வாதாடுவார்கள்.

அவருடைய நாடகங்களின் உயிர் 'தர்க்கம்'. வேடனாக வந்து வம்பளக்கும் முருகனை வள்ளி ஒவ்வொரு கேள்வியிலும் மடக்குகிறாள். பவளக்கொடி அர்ஜுனனைத் திண்டாட வைக்கிறாள். மதுரையை ஆளும் அல்லியோ ஆண்வாடையே ஆகாதென்று இருப்பவள். சாவித்திரி எமனையே பேச்சில் சிக்க வைத்து, புருஷனின் உயிரைத் திரும்ப வாங்கிவிடுகிறாள். பாட்டால் கேள்வி, பாட்டால் பதில். திடலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் தெரியும். வீட்டில் தாங்கள் சொல்ல முடியாத பதிலை மேடையில் வள்ளி சொல்லிவிட்டாளே!

எமன் வேஷத்தால் ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்திய மனிதர், அந்த எமனை ஒரு பெண் வாதாடி ஜெயிக்கும் நாடகத்தை ஊர் ஊராகப் பாட வைத்தார் என்பதை நினைத்தால் மனம் ஏனோ நெகிழ்கிறது.

வாத்தியாரும் பிள்ளைகளும்

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று தம் சொந்தக் குழுவைச் சுவாமிகள் தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டையே தம் குரலால் ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா சிறு பிள்ளையாக அவரிடம் பாடம் கேட்டவர்.

பெரிய நடிகர்களை வைத்து நாடகம் நடத்துவது சுலபமாக இல்லை. வேளைக்கு வரமாட்டார்கள். வந்தாலும் எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். சில சமயம் பெண்கள் காது கொடுத்துக் கேட்க முடியாததையும் பேசுவார்கள். எழுதியதை எழுதியபடி பாடவும் பேசவும் வேண்டுமென்றால் பிள்ளைகளைத்தான் பழக்க வேண்டும். 'பாய்ஸ் கம்பெனி' என்ற பாலர் சபைகள் வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை தொடங்கிற்று. சுவாமிகளே ஆசிரியர். அவரிடம் முன்பு ஸ்திரீபார்ட் நடித்த கண்ணுசாமி பிள்ளை தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். சங்கரன், முத்துசாமி, ஷண்முகம், பிறகு பகவதி. பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று நாடறிந்தவர்கள். ஷண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சாவித்திரி நாடகத்தில் நாரதர் வேஷம்!

ஆறு வயதுப் பிள்ளையை நாடகத்துக்கு அனுப்புவதென்றால் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! கம்பெனி வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அதிகாலையில் எழுந்து பாட்டுப் பாடம். பிறகு வசனப் பாடம். இரவு முழுவதும் நாடகம். வாத்தியாருக்குக் கோபம் வந்தால் அடியும் விழும். சுவாமிகளும் கோபக்காரர்தான். ஆனால் பிள்ளைகள் மறக்காதது கோபத்தை அல்ல. ஷண்முகம் முதிர்ந்த வயதில் 'எனது நாடக வாழ்க்கை' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் சுவாமிகளைப் பற்றி வரும் இடங்களில் பக்தியும் பாசமும் சொட்டுகின்றன.

சிறுவன் ஷண்முகத்தின் திறமையைக் கண்டு பூரித்த சுவாமிகள், அவனுக்காகவே ஒரு நாடகம் எழுத நினைத்தார். உட்கார்ந்தார், ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்துவிட்டார். பாட்டு, விருத்தம், வசனம் எல்லாம் சேர்த்து, அடித்தல் திருத்தல் இல்லாமல்! குழந்தையில்லாத அந்தத் துறவி, மாவீரனாகச் சாகும் ஒரு பாலகனின் கதையை ஓர் ஆறேழு வயதுப் பிள்ளையின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

பேச்சு நின்றது

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. கை கால் விளங்கவில்லை. நாவும் எழவில்லை.

எத்தனையோ பேருக்குப் பேச்சைக் கொடுத்த வாய் அது! வள்ளிக்கும் சாவித்திரிக்கும் மறுமொழி சொல்லத் தெரிந்தவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவும் முடியவில்லை. ஒரே இரவில் ஒரு நாடகம் எழுதிய கை பேனாவைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. கம்பெனி போன ஊருக்கெல்லாம் அவரும் போனார். தினமும் இரவில் அவருடைய பாட்டைப் பிள்ளைகள் பாடினார்கள். பாடியது சரியா தப்பா என்று சொல்ல வாய் இல்லாமல் வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே ஏறக்குறைய ஒன்றரை வருஷம். குழு புதுச்சேரியில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. புதுச்சேரி மண்ணிலேயே, கருவடிக்குப்பத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

திரையில் ஒலித்த குரல்கள்

ஒன்பது வருஷங்கள் கழித்து, 1931 அக்டோபர் 31-ந் தேதி, 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ் பேசிய முதல் படம். அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். சிறு பெண்ணாக அவர் நாடகத்தில் சேர வந்தபோது கைதூக்கி விட்டவர் சுவாமிகள்தான் என்று சொல்வார்கள். பாட்டெழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். அவரும் மேடைக்காரர்.

பேசும் படம் பிறந்தபோது அதற்குக் கதை வேண்டும். பாடத் தெரிந்த நடிகர் வேண்டும். ஜனங்கள் விரும்பும் பாட்டு வேண்டும். மூன்றும் தயாராக இருந்த இடம் நாடகக் கொட்டகை ஒன்றுதான். 1933-ல் ராஜலட்சுமி வள்ளியாக நடித்த 'வள்ளி திருமணம்' படமாக வந்து பணத்தை வாரிக் குவித்தது. 1934-ல் 'பவளக்கொடி'. எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் பேர் வாங்கிய அந்த நாடகத்தையே கே. சுப்பிரமணியம் படமாக்கினார். பாட்டுகள் பாபநாசம் சிவனுடையவை. ஏறக்குறைய ஐம்பது பாட்டு! இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் விடிய விடியப் பாட்டுக் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு அது குறைவாகத்தான் பட்டிருக்கும்.

கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்து புகழ் பெற்ற நாடகமும் வள்ளி திருமணமே. கிட்டப்பா படத்தில் நடிக்காமலே 1933-ல் இருபத்தேழு வயதில் மறைந்தார். ஆனால் அவருடைய பாணி மறையவில்லை. 1945-ல் ஏவி. எம். எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் டி. ஆர். மகாலிங்கம் உச்சத்தில் பாடியபோது, 'கிட்டப்பா திரும்பி வந்துவிட்டார்!' என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தக் கம்பெனி தொடங்கி, 1935-ல் 'மேனகா'வைப் படமாக்கினார்கள். அவர்கள் கம்பெனியில் வளர்ந்தவர் என். எஸ். கிருஷ்ணன். எம். ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் வேறு வேறு பாலர் சபைகளில் பாடம் படித்தவர்கள்தான். ஒளவையாராக நடித்து 'ஒளவை ஷண்முகம்' ஆகிவிட்ட ஷண்முகத்தைத் தம் குரு என்று கமல்ஹாசன் சொல்வார். சிறு பையனாக அவர் குழுவில் நடித்தவர் அவர். சுவாமிகளிடமிருந்து ஷண்முகம், ஷண்முகத்திடமிருந்து கமல். இரண்டே எட்டில் அரிக்கேன் விளக்குக் காலத்திலிருந்து நம் காலத்துக்கு வந்துவிடுகிறோம்!

ருஷ்ய நாட்டைப் பாருங்கள். கிட்டப்பா பிறந்த அதே 1906-ல் பிறந்த ஷோஸ்டகோவிச், வாலிபத்தில் வயிற்றுப் பாட்டுக்காக ஊமைப் படக் கொட்டகையில் பியானோ வாசித்தார். பிறகு மேடைக்கும் திரைக்கும் இசையமைத்து உலகப் புகழ் அடைந்தார். புரோகோபியேவ் 1938-ல் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' என்ற படத்துக்கு அமைத்த இசையைக் கச்சேரி மேடைகளில் இன்றும் வாசிக்கிறார்கள். எந்த வாத்தியம் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து எடுத்தாலும் அப்படியே வாசிக்கலாம்.

சுவாமிகளின் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. அச்சான பாட்டுப் புத்தகத்தில் ராகத்தின் பெயர் இருக்கும். அல்லது இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். அந்த மூலப் பாட்டை மறந்துவிட்டால் மெட்டும் போயிற்று. அவருடைய குரலைப் பதித்த இசைத்தட்டைப் போட்டுக் கேட்கவும் வழியில்லை. இருப்பதெல்லாம் தொண்டைக்குத் தொண்டை மாறி வந்த பாடம் ஒன்றே.

உப்பு கரைந்தாலும்...

சுவாமிகளை நாடு அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மதுரை தமுக்கம் மைதானத்தருகே அவருக்குச் சிலை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தில் நாடகம் கற்பிக்கும் பள்ளிக்கு அவர் பெயர். 2019-ல் சென்னையில் நடிகர் சங்கத் தேர்தல் வந்தபோது ஓர் அணி 'சுவாமி சங்கரதாஸ் அணி' என்றே பெயர் வைத்துக்கொண்டு நின்றது. ஆனால் வீட்டில் பழைய பாட்டை முணுமுணுக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இதற்கு ஒரு விதத்தில் அவரே காரணம். தம் முகத்தை மேடையிலிருந்து ஒளித்துக்கொண்டவர் அவர். பாட்டெழுதுகிறவர் பெயர் திரையில் பெரிய எழுத்தில் வருகிற காலத்தில் அவர் பிறக்கவும் இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறோம். ஆனால் ருசியான சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு யாராவது 'உப்பு எந்த ஊர்?' என்று கேட்கிறோமா? தூத்துக்குடி உப்புக் கணக்கரின் கதையும் அப்படித்தான் ஆயிற்று. கரைந்துவிட்டார், ருசி மட்டும் இருக்கிறது.

அவரை மறக்காதவர்கள் ஸ்பெஷல் நாடக நடிகர்கள். நவம்பர் மாதம் மதுரையில் அவருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள். ஊர் ஊராக நடித்துப் பிழைக்கிற ஆணும் பெண்ணும் திரண்டு வந்து சிலைக்கு மாலை போடுகிறார்கள். அவர்களில் சுவாமிகளைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. கண்டவரிடம் பாடம் கேட்டவரிடம் பாடம் கேட்டவர்கள் அவர்கள். சினிமா வந்து, ரேடியோ வந்து, டெலிவிஷன் வந்து, கையடக்கத்தில் போனும் வந்துவிட்டது. அந்தப் பாடத்தை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் இன்னும் அடுப்பு எரிகிறது.

அடுத்த முறை திருவிழாச் சமயத்தில் ஏதாவது ஊர் வழியாகப் போகும்போது, 'வள்ளி திருமணம்' என்று சுவரொட்டி கண்ணில் பட்டால் ஒரு நாள் தூக்கத்தை விட்டுக் கொடுத்துப் பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். விடியற்காலையில் வள்ளி கழுத்தில் மாலை விழும். ஆர்மோனியக்காரர் மங்களம் பாடுவார். பாய் சுருட்டிக்கொண்டு எழும் கூட்டத்தில் யாராவது ஒரு பாட்டி, வள்ளி சொன்ன பதிலை மருமகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே போவாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் ஒரு மனிதர் தூத்துக்குடியில் பேரேட்டை மூடிவிட்டுக் கிளம்பினார்.